மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு விளக்கு

போன வாரம் எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்தீர்கள். காபி குடித்தீர்கள், முறுக்கைக் காலி செய்தீர்கள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"மேடம், நம்ம பழைய பரிசல் கேமைப் புது கன்சோலுக்கு மாத்திட்டிருக்கோம்ல, அதுல படித்துறைத் தெருவுல ஒரு வீட்டுக்குள்ள விளக்கு எரியுது. கதவு மூடியிருக்கு. ஆட்டம் முடியிறவரைக்கும் அது திறக்கவே திறக்காது. யாரும் பார்க்கமுடியாத விளக்கு, சும்மா வேகத்தைத் தின்னுட்டிருக்கு. எடுத்துடலாமா?"

அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. எழுத உட்கார்ந்தால் பழசெல்லாம் கூடவே வருகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளிடம் கேள்வி கேட்டால் பதில் இப்படித்தான் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. என் பெயர் ஸ்டெல்லா. தில்லை நகர் மாடியில் நம் அலுவலகம் இருந்த காலத்தில், ஆட்டம் கன்சோலில், அதாவது டிவியோடு மாட்டி ஆடும் பெட்டியில், தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அப்பா திருவெறும்பூர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கிருந்த சொந்தக்காரர்கள் கடைசிவரை ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "வீடியோ கேம் ஆடுறதுக்கா சம்பளம் தர்றாங்க?" ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் காலத்துச் சண்டையும் உங்கள் காலத்துச் சண்டையும் ஒன்றுதான். கன்சோலின் சக்திக்கு ஓர் அளவு உண்டு. படத்தைக் கூர்மையாக, நிறையப் புள்ளிகளோடு வரையச் சொன்னால் நொடிக்கு முப்பது படம் தரும். அறுபது படம் வேண்டுமென்றால் கூர்மையில் கைவைக்கும். மாவு ஒரே அளவுதான், பெரிய தோசையாக வார்த்தால் எண்ணிக்கை குறையும். இது புரிய எனக்கு ஒரு நாள் ஆயிற்று. இதில் எப்போது எதை விட்டுக்கொடுப்பது என்பது மட்டும் ஓய்வு பெறுகிறவரை முழுசாகப் புரியவில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். அவர் சொல்வார்: "படம் அழகா இருக்கான்னு அப்புறம் பாரும்மா. கை சொன்னதை ஆட்டம் உடனே கேக்குதான்னு முதல்ல பாரு. கேக்கலேன்னு வை, ஆடுறவங்க நம்மளைக் குறை சொல்லமாட்டாங்க. நமக்குத்தான் ஆடத் தெரியலன்னு நினைச்சு எழுந்து போயிடுவாங்க." அந்தக் கடைசி வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. நம் தவறுக்கு யாரோ ஒருவர் தன் கையை நொந்துகொள்வது எவ்வளவு பெரிய அநியாயம்.

அவர் ஏற்படுத்திய இன்னொரு பழக்கம் சனிக்கிழமை வீடு. சனிக்கிழமை மாலை கன்சோலைப் பையில் போட்டுக்கொண்டு எங்களில் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போவோம். அலுவலகத்தில் பெரிய திரைக்கு முன்னால் மூக்கு உரச உட்கார்ந்து புள்ளி எண்ணுகிறவர்களுக்கு வீடு எப்படி இருக்கும் என்று மறந்துபோகும். கே.கே. நகரில் ஒரு வீட்டில் கன்சோலைக் கண்ணாடி அலமாரிக்குள் கொலுபொம்மைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டியிருந்தார்கள். தூசி படியக்கூடாதாம். காற்றே போகாத இடத்தில் அது சூடாகி மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அலுவலக ஏசியில் அறுபது என்று நாங்கள் மார்தட்டிய ஆட்டம் அங்கே தள்ளாடியது. அந்த அம்மாவிடம் கதவைத் திறந்துவையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பொம்மையெல்லாம் வீணாகிவிடும் என்றார். திரும்பி வந்து ஆட்டத்தைத்தான் திருத்தினோம்.

இனி மைதிலியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஓவியப் பிரிவுக்குத் தலைவி. ஸ்ரீரங்கத்துக்காரி, உத்தர வீதியில் பிறந்து வளர்ந்தவள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த அக்காவுடன் தினம் ஒரு சண்டை போடாமல் வீட்டுக்குப் போகமாட்டாள். பரிசல் ஆட்டத்தில் வருகிற ஆற்றங்கரை ஊர் முழுவதும் அவள் கை. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு நகம்கூட வரைந்திருப்பாள். இவ்வளவு தூரத்தில் நகம் யாருக்குத் தெரியும் என்று நான் கேட்பேன். "தெரியாட்டா போறது, நகமில்லாத கையை நான் எப்படிக்கா வரையறது?" என்பாள்.

மற்றவர்களின் ஆட்டங்களுக்குக் கூலிவேலை செய்து வந்த எங்களுக்குப் பரிசல்தான் முதல் சொந்த ஆட்டம். பொழுது சாயும் நேரத்தில் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். ஆடுகிறவர் பரிசலைப் படித்துறைத் தெரு ஓரமாகச் செலுத்தி, மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். துடுப்பு கொஞ்சம் தாமதித்தால் பரிசல் சுழன்று சுவரில் மோதும். சரியாக அந்த இடத்தில்தான் வேகம் விழுந்தது. அதுவரை அறுபதில் ஓடிய ஆட்டம் முப்பதுக்கும் கீழே இறங்கித் திக்கித் திணறியது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் ஒப்பந்தம் இல்லை என்று வெளியீட்டாளர் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் போனால் அலுவலகத்தை இழுத்து மூடவேண்டியதுதான். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

"ரெசல்யூஷனைக் குறைங்க மேடம்" என்று புள்ளிகளைக் குறைக்கச் சொன்னார் முதலாளி. குறைத்தோம். மைதிலி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நான் விரலுக்கு நகம் வரைஞ்சேன். இப்போ கையே காணோம்."

"வேகம் வரட்டும் மைதிலி. கையைத் திருப்பித் தரேன்."

வேகம் வரவில்லை. இன்னும் குறைத்தோம். கோபுரம் நனைந்த துணியாகக் குழைந்து நின்றது, வேகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. முதலாளிக்குப் பதற்றம், இன்னும் குறையுங்கள் என்கிறார். நான் மாட்டேன் என்றேன்.

இந்த இடத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். புள்ளிகளைக் குறைத்தும் வேகம் ஏறவில்லை என்றால் நோய் புள்ளிகளில் இல்லை. அவசரத்தில் இருப்பவர் கைக்கு எட்டிய திருகையே இன்னும் இன்னும் திருகுவார். கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து யோசிப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை.

நிழல் வரைவதில்தான் நேரம் போகிறது என்று அளக்கும் கருவி காட்டியது. மரங்களின் நிழலை எடுத்தோம், படகுகளின் நிழலை எடுத்தோம். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. சனிக்கிழமையும் வந்துவிட்டது. இந்த வாரம் வீடு வேண்டாமே, வேலை தலைக்குமேல் கிடக்கிறதே என்றார்கள். வேலை தலைக்குமேல் கிடப்பதால்தான் போகிறேன் என்று கிளம்பினேன். அந்த வாரம் மைதிலி வீட்டு முறை.

கன்சோலை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் காவிரிப் பாலத்தைக் கடந்தது இன்றும் நினைவிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. பாலத்துக் காற்று முகத்தில் அடித்ததும் ஒரு வாரத்துக் கோபம் பாதி குறைந்தது. வேலைக்காக நான் போன வழிகளில் அதைப்போல் இன்னொன்று கிடையாது. இப்போதும் காரணமில்லாமல் பஸ் ஏறி அந்தப் பாலத்தைத் தாண்டிவிட்டு வருகிறேன்.

மைதிலியின் அம்மாவுக்குச் சில வருஷங்களுக்கு முன்பே பார்வை போய்விட்டது. கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஆட்டத்துக்கு முதல் ரசிகை அவர்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மைதிலி ஆடிக்கொண்டே திரையில் வருவதையெல்லாம் அவருக்குச் சொல்லுவாள். அன்றும் சொன்னாள்.

"தண்ணி ஏறிண்டே வரதும்மா. வலதுபக்கம் படித்துறை. இப்போ தெருவுக்குள்ள திரும்பறேன்."

"பாத்துத் திரும்புடி."

"நம்மாத்து வாசல் வந்தாச்சும்மா."

அம்மா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "திருவிளக்கு எரியறதா?"

"எரியறதும்மா."

நான் திரையைப் பார்த்தேன். பரிசல் ஒரு வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டையே பார்த்து வரைந்த வீடு, வாசற்படியில் உடைந்த மூலைகூட அப்படியே. ஆனால் கதவு மூடியிருந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மைதிலி, கதவு மூடித்தானே இருக்கு?"

"உள்ள எரியறதுக்கா."

"இந்த வீட்டுல மட்டுமா?"

"எல்லா ஆத்துலயும்தான்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விளக்கு வெக்கற நேரமாச்சே."

இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற குரலில் சொன்னாள். தெரு நெடுக மூடிய கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும், ஆட்டத்தில் பொழுது சாய்ந்ததும் தானாக எரியத் தொடங்கும் ஒரு குத்துவிளக்கு. ஒவ்வொரு விளக்குக்கும் கன்சோல் படத்துக்குப் படம் நிழல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நிழலை எடுத்தால் வெளிச்சம் சுவரைத் தாண்டித் தெருவில் வழியும் என்பதால் அவளே கவனமாக நிழலையும் போட்டிருந்தாள். அந்தக் கணக்குக்கும் படத்தின் கூர்மைக்கும் சம்பந்தமே இல்லை. கோபுரத்தை நாங்கள் எவ்வளவு குழைத்தாலும் வேகம் ஏறாததற்குக் காரணம் அதுதான்.

வேறு ஊரில் இப்படி ஒரு தவறு நடந்திருக்குமா என்று யோசித்திருக்கிறேன். சாயங்காலம் என்று வரைந்தால் வீட்டுக்குள் விளக்கு இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் தோன்றியிருக்கும். பாலக்கரையில் என் அம்மா வீட்டில் ஆறு மணிக்கு மாதா படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றாமல் யாரும் ஒரு வேலை செய்யமுடியாது. அதனால்தான் திட்டக்கூட வாய் வரவில்லை.

ஆனால் சந்தோஷத்தில் வாய் நிற்கவுமில்லை. "கிடைச்சிடுச்சு மைதிலி. அத்தனையையும் அணைச்சிட்டாப் போதும்" என்றேன்.

"அணைக்கறதுன்னு சொல்லாதேம்மா, விளக்கு வெக்கற வேளையில" என்றார் அம்மா. "அமர்த்தறதுன்னு சொல்லு. எதுக்கு அமர்த்தணும்?"

மைதிலி கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள். "ஆபீஸ் விஷயம்மா" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாரையும் தொடவிடவில்லை. வீடு வீடாகப் போனோம். அந்தத் தெருவில் எந்த வீட்டை யாருக்காக வரைந்தாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இது பாட்டு டீச்சர் வீடு, இது எதிர்வீட்டு மாமி, இது சைக்கிள் கடைக்காரர் குடியிருந்த போர்ஷன். பெயரைச் சொல்லுவாள், விளக்கை அமர்த்துவாள். ஒவ்வொன்றுக்கும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அவ்வளவு நாள் காத்திருந்த எண் கண்ணெதிரே ஏறுகிறது, எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கடைசியில் அவர்கள் வீடு மட்டும் பாக்கி. அவள் கை மவுஸ்மேல் அப்படியே நின்றது.

முதலாளி எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவரில்லை, தூங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். "இதையும் அணைச்சிருங்க. எரியுதுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டாப் போச்சு. அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றார்.

மைதிலி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினாள்.

"அம்மாகிட்ட நான் பொய்யே சொன்னதில்லேன்னு இல்லக்கா. எத்தனையோ சொல்லியிருக்கேன். ஆனா அவளுக்கு இப்போ கண்ணுன்னா என் வாய்தான். புடவை என்ன கலர், வாசல்ல யார், பால் பொங்கித்தா, எல்லாம் நான் சொல்றதுதான். இதுல ஒண்ணு பொய்யாப் போச்சுன்னா அவ பாக்கற மத்ததெல்லாமும் பொய்தானே? அவளுக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே."

அழுகை வந்தது, அலுவலகம் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

குறைத்த புள்ளிகளைப் பழையபடி திருப்பிவிட்டு, அந்த ஒரு விளக்கோடு ஓட்டிப் பார்த்தோம். வெள்ளத்தின் பெரிய அலை எழும் இடத்தில் மட்டும் வேகம் அறுபதிலிருந்து துளி சறுக்கியது. அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. யாரோ ஒருவர் துடுப்பைச் சரியாகத்தான் போட்டிருப்பார், பரிசல் மோதும், தன் கையை நொந்துகொள்வார். விளக்கும் வேண்டும், வேகமும் குறையக்கூடாது. மிச்சம் இருந்தது கூர்மை ஒன்றுதான்; மற்ற விளக்குகளின் நிழல் சுமை போய்விட்டதால் இப்போது புள்ளிகளைக் குறைத்தால் பலன் கிடைக்கும். அந்த அலை எழும்போது மட்டும் படத்தின் புள்ளிகள் தானாகக் குறைந்து, அலை அடங்கியதும் திரும்பிவரும்படி செய்யலாம். ஆனால் அந்தக் கணத்தில் திரை நிறைய நிற்பது மைதிலியின் கோபுரம். அதை அவளிடம் எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன்.

அவளே சொன்னாள். "கோபுரம் கொஞ்சம் மங்கட்டும்க்கா."

நகத்துக்காகச் சண்டை போட்டவள் சொன்னது இது.

"யாருமே பார்க்காத விளக்குக்காக, எல்லாரும் பாக்குற படத்தைக் குறைக்கிறீங்களா மேடம்?" என்றார் முதலாளி.

"ஆமா. வேகம் அறுபதுல நிக்கும், அதுக்கு நான் பொறுப்பு. வெளியீட்டாளர் கேட்டது அதைத்தான். மிச்சம் எங்க விஷயம்" என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னவோ செய்யுங்கள் என்று உள்ளே போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஆட்டம் தேறியது. அலுவலகம் பிழைத்தது. அது பிழைத்ததால்தான் இன்று நீங்கள் அங்கே உட்கார்ந்து எனக்கு வேலை வைக்கிறீர்கள்.

ஆட்டம் வெளியான பிறகு, கன்சோல் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஒரு வெளிநாட்டுக்காரர் வீடியோ போட்டார். வேகம் கல் மாதிரி நிற்கிறது, ஆனால் பெரிய அலை எழும்போது கோபுரம் ஒரு கணம் மங்குகிறது, ஏனென்று தெரியவில்லை என்றார். மைதிலியும் நானும் அதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அதன்பிறகு பல சனிக்கிழமைகள் நான் அவர்கள் வீட்டுக்குச் சும்மாவே போயிருக்கிறேன். பரிசல் தெருவுக்குள் திரும்பும், அம்மா கேட்பார், மைதிலி பதில் சொல்லுவாள். உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகள் ஒன்றும் இப்போது நினைவில் இல்லை. "எரியறதும்மா" என்று அவள் தயங்காமல் சொல்லும் அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது.

அம்மா ஆசார்யன் திருவடி சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மைதிலியும் ஓய்வு பெற்று இப்போது கே.கே. நகரில் இருக்கிறாள். உங்கள் கேள்விக்கு நானாகப் பதில் சொல்வது முறையில்லை என்று நேற்று அவளைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் கேட்டதை அப்படியே சொன்னேன்.

"எடுத்துடச் சொல்லுங்கோக்கா" என்றாள். "பாவம், சின்னவா வேகத்துக்கு அல்லாடிண்டிருப்பா. அம்மாவே இல்ல. இனிமே யார் கேக்கப் போறா?"

சரி என்றேன். வேறு என்னென்னவோ பேசினோம், முட்டிவலி, மாவு மெஷின் ரிப்பேர். பொழுது சாய்ந்துவிட்டது. பஸ்ஸைப் பிடிக்கவேண்டுமே என்று நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். அவளும் கதவுவரை வந்தாள். நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"அக்கா, அந்தத் திருவிளக்கு இப்போ எரியறதா?"

"எரியுது மைதிலி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் புது கன்சோலில் சக்தி நிறைய இருக்கிறது என்கிறார்கள். போதவில்லையென்றால் கோபுரத்தைக் கொஞ்சம் மங்க வையுங்கள், அதற்கு அவள் சம்மதம் என்றைக்கோ கிடைத்துவிட்டது. அந்த விளக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். எரியுது என்று நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.